திமிருக்கு என் முகம்

என் முகத்தைப் பற்றிச் சொல்ல எங்கள் வீட்டில் வார்த்தைப் பஞ்சமே இருந்ததில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள், முறைக்கிறாள், கண்ணாலேயே கடிக்கிறாள் என்று அம்மாவும் சித்தியும் நாளுக்கொன்றாகச் சொல்வார்கள். அந்த நேரத்தில் நான் பெரும்பாலும் எதையும் நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன். பசியாக இருக்கும், அவ்வளவுதான். என் புருவம் பிறவியிலேயே மேலேறி நிற்கிறது. அதற்கு நான் என்ன செய்ய?

வீட்டோடு இருந்த இந்தப் பேச்சு ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது. ஒருநாள் தமிழ் டீச்சர் முகபாவங்களுக்கான சொற்களைக் கரும்பலகையில் எழுதினார். நாணம், வியப்பு, ஏளனம், கலக்கம், திமிர். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருவர் முன்னால் வந்து அந்த முகத்தைக் காட்ட வேண்டும். நாணத்துக்கு வந்தவள் நெளிந்த நெளிப்பில் வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். கடைசிச் சொல்லுக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ நடிக்க வேண்டாம். சும்மா நில்லு, போதும்" என்றார்.

நின்றேன். மறுபடியும் வகுப்பு சிரித்தது. எனக்குக் காது சுட்டது. அழுதுவிடுவேன் போலிருந்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு டீச்சரையே பார்த்தேன். அந்தப் பார்வையில் அவர் என்ன கண்டாரோ, மன்னிப்புக் கேள் என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லல்லியே டீச்சர்."

"வாய் சொல்லல. முகம் சொல்லுதே."

சொல்லாத ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கேட்கும் வரை வகுப்புக்குள் வரக் கூடாது என்றுவிட்டார். இரண்டு நாள் வராந்தாவில் நின்றேன். மூன்றாம் நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், அப்போதும் கேட்காவிட்டால் டி.சி.யை வாங்கிக்கொண்டு போகலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"ஏட்டி, ஒரு சாரி சொன்னா வாயா தேஞ்சி போவும்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா ஒன்றுதான் கேட்டார்.

"நீ எதாவது சொன்னியா?"

"இல்ல."

"செரி" என்று எழுந்து போய்விட்டார்.

அப்பாவுக்கு மார்த்தாண்டம் சந்தையில் வாழைக்குலை வியாபாரம். குலை சுமப்பதற்காகத் தலையில் எப்போதும் துவர்த்தைச் சுற்றியிருப்பார். துண்டைத்தான் நாங்கள் துவர்த்து என்போம். வாழைக்கறை ஏறி ஏறி அது தவிட்டு நிறமாகக் கிடக்கும். எந்த சோப்புக்கும் அந்தக் கறை அசையாது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கும் அப்பா தலையில் துவர்த்தோடுதான் வந்தார். சந்தையிலிருந்து அப்படியே வந்துவிட்டார் என்று எனக்கு மானம் போயிற்று. அறைக்குள் நுழைந்ததும், துண்டை எடுத்துவிட்டுப் பேசலாமே என்றார் தலைமையாசிரியர்.

"இது இருக்கட்டும் சார்" என்றார் அப்பா, மெல்ல.

டீச்சர் என்னைக் காட்டினார். "இவ முகத்தைப் பாருங்க. இப்பவும் எப்படி நிக்கிறா!"

அப்பா பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் என் முகத்தைப் பார்த்து நான் அறிந்ததில்லை.

"பிள்ளைக்க மொகம் இதாக்கும் டீச்சர். எங்க வீட்டுல எல்லாருக்கும் இதுதான்."

இனிமேல்தான் சத்தம் போடப்போகிறார் என்று காத்திருந்தேன். சந்தையில் ஒரு சீப்புக்காக ஊரைக் கூட்டுகிறவர் அவர். ஆனால் கையைக் கட்டாமல், குரலை உயர்த்தாமல், சும்மா நின்றார். தலைமையாசிரியர் மறுபடியும் அந்தத் துண்டைப் பார்த்தார். அப்பா அவரைப் பார்த்தபடியே இருந்தார். கடைசியில் தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னை வகுப்புக்குப் போகச் சொன்னார். மன்னிப்பைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. ஆத்திரம்தான் வந்தது. வாசலில் அப்பாவை மறித்தேன்.

"எதுக்குப்பா இந்தத் துவர்த்தோட வந்திய? எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும் மக்கா" என்று பஸ் ஏறப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் கும்பிடுவது அய்யா வழியில். ஒரு காலத்தில் எங்கள் ஆட்கள், மேலானவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்களின் எதிரே தலையில் துணி கட்டக் கூடாது. அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு குனிய வேண்டும். அதனால்தான் எங்கள் ஆண்கள் எங்கள் கோவிலான தாங்கலில் கும்பிடும்போது தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கிறார்கள். சின்ன வயதில் அதைக் கோவில் வழக்கம் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்கலுக்குப் போயிருந்தோம். அங்கே கும்பிடுவதற்கு வைத்திருக்கும் நிலைக்கண்ணாடியில் என் முகமும் அப்பாவின் முகமும் சேர்ந்து தெரிந்தன. அதே ஏறிய புருவம். அதற்கு மேல் வெள்ளைத் துவர்த்து. தாங்கலுக்கென்று அம்மா தனியாக வெளுத்து மடித்து வைக்கும் துவர்த்து அது. அப்பா ஒருநாளும் அதைச் சந்தைக்குக் கொண்டுபோனதில்லை.

தலைமையாசிரியர் அறையில் அப்பா கட்டியிருந்த துண்டிலும் ஒரு பொட்டுக் கறை இல்லை. அன்று பக்கத்தில் நின்று நான் அதைப் பார்த்தேன். பலகையில் எழுதிய ஐந்து சொற்களும் எனக்கு அப்போது மனப்பாடம். அந்தத் துண்டைத்தான் படிக்கத் தெரியவில்லை.