மோட்டார் கடை மாடியில் ஓர் அகில இந்தியா

தபால்தலை சேகரிக்கிறவனுக்கு ஓர் இடுக்கியும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தால் பிழைத்துக்கொள்வான். தபால்தலை சேகரிக்கிறவர்களின் சங்கங்களை எல்லாம் சேகரித்து வைத்துக்கொண்டிருப்பவனுக்குத் தலைவலித் தைலம்தான் ஒரே கருவி.

உத்தமபாளையத்தில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. தோட்டத்துக் கிணற்று மோட்டார் புகைந்துபோனால் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். தபால்தலை என் பொழுதுபோக்கு. அது அந்த அளவோடு நின்றிருக்கலாம். தொண்ணூறுகளின் கடைசியில், மலை சூழ்ந்த எங்கள் பள்ளத்தாக்குக்குள் செல்போன் எட்டிப் பார்க்காத காலத்தில், நாட்டிலுள்ள தபால்தலைச் சங்கங்களின் கூட்டமைப்புக்கு நான் பொதுச்செயலாளர் ஆனேன். பால் சொசைட்டியோ, பழைய மாணவர் மன்றமோ, எங்கேயாவது செயலாளராக மாட்டிக்கொண்டு முழிக்கும் நண்பர்களே, நீங்கள்தான் என் உறவு. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

டீ குடித்த நேரத்தில் வந்த பதவி

நாக்பூரில் பொதுக்குழு. மதுரைச் சங்கத்தின் சார்பில் என்னை அனுப்பியிருந்தார்கள். வேறு யாருக்கும் லீவு கிடைக்கவில்லை. எனக்குச் சொந்தக் கடை, கேட்க ஆளில்லை. காலையில் ஆரம்பித்த சண்டை மதியம் வரை ஓயவில்லை. ஒருவர் மேசையைத் தட்டினார், இன்னொருவர் நாற்காலியைத் தட்டினார். எல்லாம் இந்தியில். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. யார் பேசினாலும் மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் டீ குடிக்க வெளியே போனேன். திரும்பி வந்தால் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலிருக்கிறது என்று நானும் ஒதுங்கி நின்று கைதட்டினேன்.

கூட்டமைப்பின் தலைவர் ரயில்வேயில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். அவர் என் கழுத்தில் மாலையைப் போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. என் அரைகுறை இங்கிலீஷில், "ஐயா, எனக்கு இந்தி தெரியாதே" என்று கெஞ்சினேன். அவர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "இந்தி தெரிந்தவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் வைது முடித்துவிட்டார்கள். வையாதவர் நீங்கள் ஒருவர்தான் மிச்சம்."

தலைமை அலுவலகம்

எங்கள் விதிப்படி செயலாளர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் தலைமை அலுவலகம். ஆகவே என் கடை மாடியில், செப்புக் கம்பிச் சுருள்களுக்கும் பழைய வார்னிஷ் டப்பாக்களுக்கும் நடுவே, ஒரு பீரோவோடு அகில இந்தியத் தலைமை அலுவலகம் குடியேறியது. போர்டு எழுதுகிற பெயிண்டருக்கு எங்கள் பெயரின் நீளத்தைப் பார்த்து மலைப்பு. அவர் 'அகில இந்திய', 'தபால்', 'தலைமை அலுவலகம்' ஆகிய மூன்றையும் கொட்டை எழுத்தில் எழுதி, மற்றதை எல்லாம் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி எழுதிவிட்டார்.

மறுநாளே கூட்டம் வந்துவிட்டது. ஒருவர் ரெக்கரிங் டெபாசிட் கட்ட வந்தார். ஒரு அம்மா மகனுக்குத் தந்தி அடிக்க வந்தார். வருசநாட்டிலிருந்து பஸ் ஏறி வந்த பெரியவர் ஒருவர், கவரை நீட்டி ஸ்டாம்பு கேட்டார். இது போஸ்ட் ஆபீஸ் இல்லை என்றேன். பீரோவைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். ஆல்பம் ஆல்பமாகத் தபால்தலை. "அதுல ஒண்ணைக் குடுங்க" என்றார். "இது விக்கிறதுக்கில்லைங்க, வச்சுப் பாக்குறதுக்கு" என்றேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அகில இந்தியான்னு போர்டு வச்சிருக்கீக. பீரோ நெறைய ஸ்டாம்பு வச்சிருக்கீக. ஒரு கவருக்கு ஒட்டக் குடுக்க மாட்டேங்கிறீக. நீங்கதான்யா உண்மையான கவர்மெண்டு!"

வெளிமொழிப் பிரிவு

தலைவர் அடிக்கடி எஸ்.டி.டி.யில் கூப்பிடுவார். நான் மோட்டார் மாட்டத் தோட்டத்துக்குப் போயிருந்தால் என் மனைவி ஜமீலா போனை எடுப்பாள். எங்கள் ஊரில் ஒருவர் தமிழ் பேசவில்லை என்றால் அவர் மலையாளிதான். குமுளி மலை ஏறினால் கேரளா, அதற்கு மேல் உலகம் எதற்கு? ஜமீலாவும் தனக்குத் தெரிந்த மலையாளத்தில், "ஆளு இவிடெ இல்லா, பின்னெ விளிக்கு" என்று அப்புறம் கூப்பிடச் சொல்லிப் போனை வைத்துவிடுவாள்.

அந்த வருஷ ஆண்டறிக்கையின் அச்சுப்பிரதியைத் தலைவர் என் பார்வைக்கு அனுப்பியிருந்தார். ஜமீலாவுக்கு ஒரு வரியைப் படித்துக் காட்டினேன்: "நமது தலைமை அலுவலகத்தில் வெளிமொழிப் பிரிவு ஒன்று சிறப்பாக இயங்கிவருகிறது, அதன் அதிகாரி கண்டிப்பானவர்."

ஏலக்காய்க் கடையில் ஒரு நன்கொடை

கூட்டமைப்புக்குப் பொருளாளர் வேண்டும். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் சவுந்தரபாண்டி என் பழைய வாடிக்கையாளர். தபால்தலையைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் யாரிடமும் கூச்சமில்லாமல் பேசுவார். பொருளாளருக்கு வேண்டிய தகுதி அதுதான். இருவரும் போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் நன்கொடை கேட்கப் போனோம். அவர் ஏலக்காயை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"முத்திரை குத்துன ஸ்டாம்பா? அழிச்சிட்டு மறுபடி ஒட்டுவீகளா?"

"சேச்சே, அது குற்றமுங்க."

"அப்ப என்ன செய்வீக?"

"ஆல்பத்துல வச்சுப் பாப்போம்."

"பாத்துட்டு?"

"மூடி வச்சிருவோம்."

"மூடி வச்சிட்டு?"

சவுந்தரபாண்டி குறுக்கே புகுந்து, "மறுபடி தெறந்து பாப்பாக அண்ணாச்சி" என்றார். வியாபாரி கையிலிருந்த ஏலக்காயைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது, பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றேன். பெருமூச்சு விட்டபடி கல்லாவைத் திறந்தார். "எங்க சகலை ஒருத்தருக்கும் இப்படித்தான் இருந்துச்சு. கல்யாணம் பண்ணி வச்சதும் தெளிஞ்சிட்டாரு. உங்களுக்கு அந்த வழியும் அடைச்சுப் போச்சே!"

பறவை வரிசை

உறுப்புச் சங்கங்களில் பாதி சந்தாவைப் பணமாக அனுப்பாமல் தபால்தலையாக அனுப்பும். 'இதன் மதிப்பு சந்தாவைவிட அதிகம்' என்று ஒரு குறிப்பும் இருக்கும். நான் அவற்றைப் பத்திரமாகப் பீரோவில் வைப்பேன். அந்த வருஷம் சந்தா அனுப்பாத சங்கங்களுக்கு எல்லாம் நினைவூட்டல் போடும்படி சவுந்தரபாண்டியிடம் சொல்லிவிட்டு, நான் சின்னமனூரில் ஒரு ரைஸ்மில் மோட்டாரோடு மல்லுக்கட்டப் போய்விட்டேன். திரும்பி வந்தால் பீரோவில் பறவை வரிசை முழுவதும் காணோம். "ஸ்டாம்பை உள்ள வச்சுக்கிட்டு வெளியே போயி ஸ்டாம்பு வாங்க நான் என்ன கிறுக்கனா பாய்?" என்றார் சவுந்தரபாண்டி. எல்லாவற்றையும் எச்சில் தொட்டு ஒட்டி அனுப்பியிருந்தார்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து சந்தா கொட்டியது. என்ன மாயம் என்று புரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது, கிழக்கே ஒரு சங்கத்திலிருந்து வந்த கார்டு தெளிய வைத்தது: "உத்தமபாளையம் முத்திரையோடு பறவைத் தபால்தலை கிடைத்து மகிழ்ந்தோம். சந்தாவை அனுப்பிவிட்டோம், இனி பாக்கி இல்லை. இருந்தாலும் தயவுசெய்து இன்னொரு முறை கண்டித்து எழுதவும், மரங்கொத்தி வரவில்லை."

குச்சனூரில் பரிகாரம்

தேனியில் தேசியக் கண்காட்சி நடத்துவது என்று தீர்மானமாகிவிட்டது. நிதி திரட்ட வேண்டும். ஆடிச் சனிக்கிழமை குச்சனூர்க் கோயிலில் கிரக தோஷத்துக்குப் பரிகாரம் செய்ய வரும் கூட்டம் அலைமோதும், அங்கே ஒரு கடை போடலாம் என்றார் சவுந்தரபாண்டி. கோயிலுக்குப் போகிற வழியில் பந்தல் போட்டு, ஆண்டுவாரியாகத் தபால்தலைகளை அடுக்கி, 'நீங்கள் பிறந்த ஆண்டின் தபால்தலையைக் காணுங்கள்' என்று துணியில் எழுதிக் கட்டினோம். பக்கத்தில் ஓர் உண்டியல்.

ஜனம் வரிசையில் நின்றது. ஒவ்வொருவரும் தன் பிறந்த வருஷத்தைச் சொல்லி, தபால்தலையைப் பயபக்தியோடு பார்த்து, உண்டியலில் காசு போட்டுவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எதற்கு நிற்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஒருவருக்கு அவர் வருஷத்தில் விமானம் போட்ட தபால்தலை. "பையனுக்குத் துபாய் விசா வந்துரும்ல?" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இது ஜோசியம் இல்லை, வெறும் தபால்தலை என்று தொண்டை வறளச் சொன்னேன். யாரும் கேட்பதாக இல்லை. கடைசியில் வந்த அம்மா தன் வருஷத்துத் தபால்தலையை உற்றுப் பார்த்தார். அதில் ஒரு மூலை மடங்கி இருந்தது. முகம் வாடிப்போய்க் கேட்டார்: "எங்க வீட்டுலயும் அந்த மூலைதான் ஒழுகுது. பரிகாரம் சொல்லுங்க பாய்!"

முத்திரைக் கட்சியும் புதுசுக் கட்சியும்

சிரிப்பெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். கூட்டமைப்பு உடைகிற நிலைக்கு வந்துவிட்டது. முத்திரை விழுந்த தபால்தலைதான் உசத்தி, அதுதான் ஊர் ஊராகப் பயணம் போனது என்று ஒரு கட்சி. அதற்குக் கட்டாக்கில் ஒரு பேராசிரியர் தலைவர். முத்திரை விழாத புதுத் தபால்தலைதான் உசத்தி, மற்றது குப்பை என்று இன்னொரு கட்சி. அதற்குச் சூரத்தில் ஒரு துணி வியாபாரி தலைவர். தேனிக் கண்காட்சியோடு நடக்கும் பொதுக்குழுவில் பிரிந்து போவது என்று இருவரும் எழுதிவிட்டார்கள். நான்கு வருஷமாக நான் தூக்கிச் சுமந்த அமைப்பு. உண்மையிலேயே தூக்கம் போய்விட்டது. எனக்குத் தெரியாமல் இவ்வளவு ஆசை அதன்மேல் வந்திருக்கிறது.

சவுந்தரபாண்டியிடம் புலம்பினேன். அவர் இரண்டு கட்சியின் வாதத்தையும் பொறுமையாகக் கேட்டார். "பாய், எங்க ஊர்லயும் பங்காளிக பிரிஞ்சிருக்காக. ஆனா தோட்டத்துக்கு, வரப்புக்கு, பொண்ணுக்குப் பிரிஞ்சாக. எச்சி தொட்டு ஒட்டுனதா, ஒட்டாததான்னு பிரிஞ்சு நான் பாத்ததில்ல."

கருத்து: ஐம்பத்தொன்று

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில், வாசலை ஒட்டிய சின்ன ஹாலில். பெரிய ஹாலில் அன்றைக்கு ஒரு கல்யாணம் என்பது காலையில் போன பிறகுதான் தெரியும். வாசலில் மேசை போட்டு, பார்வையாளர் பதிவேட்டோடு சவுந்தரபாண்டியை உட்கார வைத்தேன். வெள்ளைச் சட்டை, காதில் பேனா, முன்னால் நோட்டு. கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்? மொய் கொட்ட ஆரம்பித்துவிட்டது. அவரும் நன்கொடை என்றே வாங்கிப் போட்டார். பட்டுச்சேலையும் மல்லிகைப் பூவுமாகக் குடும்பம் குடும்பமாக எங்கள் ஹாலுக்குள் நுழைந்து, மணமக்களைத் தேடிக்கொண்டு தபால்தலை வரிசைகளைச் சுற்றி வந்தார்கள். தலைவர் கண்கலங்கி நின்றார். டெல்லியில்கூட இப்படி ஒரு கூட்டத்தை அவர் பார்த்ததில்லையாம்.

ஒரு தாத்தா வந்து "மாப்ள எங்கய்யா?" என்று கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. பதறிப்போய் பணத்தையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு பெண்ணின் அப்பாவிடம் ஓடினேன். அவர் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் நிதானமாகப் பக்கத்தைப் புரட்டினார். 'கண்காட்சி பற்றித் தங்கள் கருத்து' என்று அச்சடித்த இடத்தில் எல்லாரும் மொய்த் தொகையை எழுதியிருந்தார்கள். ஓரிடத்தில் விரலை வைத்துச் சிரித்தார்: "எங்க சித்தப்பா கருத்துன்னு அம்பத்தொண்ணு போட்டிருக்காரு. அவரைப் பத்தி எங்க கருத்தும் அதேதான்!"

ரசம்

அவர் அதோடு விடவில்லை. உங்கள் ஆட்களும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். மதியம் பொதுக்குழு, அதற்கு முன் நாடு முழுக்க வந்திருந்த பிரதிநிதிகள் பந்தியில் உட்கார்ந்தார்கள். பந்தியில் இடம் கிடைத்த இடத்தில்தான் உட்கார முடியும். பேராசிரியரும் சூரத்துக்காரரும் பக்கத்துப் பக்கத்து இலை. இருவரும் எதிரெதிர்ப் பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பருப்புச் சோறு சாப்பிட்டார்கள். சூரத்துக்காரர் தன் புதுத் தபால்தலை ஆல்பத்தை யாரிடமும் நம்பிக் கொடுக்காமல் மேசைமேலேயே வைத்திருந்தார்.

அப்போது ரசம் வந்தது. வாழை இலையில் ரசத்தை எப்படி நிறுத்துவது என்று இருவருக்குமே தெரியாது. சூரத்துக்காரர் இலையிலிருந்து ரசம் வழிந்து நேராக ஆல்பத்தை நோக்கிப் போயிற்று. அவர் உறைந்துபோனார். பேராசிரியர் ஒரு கணம் யோசிக்கவில்லை. தன் இலைச் சோற்றை இரண்டு கையாலும் அள்ளி, மேசைமேல் அணை கட்டினார். ரசம் நின்றது. ஆல்பத்தின் அட்டையில் ஒரு துளி படவில்லை. சூரத்துக்காரர் முழங்கை வரை ரசமாக இருந்த அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டார். பேராசிரியர் சொன்னார்: "முத்திரை விழலாம் ஐயா, அது வேறு. ரசம் விழக்கூடாது."

பொதுக்குழுவில் பிரிவினைத் தீர்மானத்தை இருவரும் சேர்ந்தே வாபஸ் வாங்கினார்கள். என்னையே இன்னொரு தவணைக்குச் செயலாளர் ஆக்கினார்கள். இந்த முறை நான் ஹாலை விட்டு நகரவே இல்லை, அப்படியும் ஆக்கினார்கள்.

ஆகவே, சக செயலாளர்களே, சட்டதிட்டமும் தீர்மானமும் ஒட்டவைக்காத மனிதர்களை ஒரு பந்திச் சாப்பாடு ஒட்டவைத்துவிடும், அந்தச் சாப்பாட்டுச் செலவு மட்டும் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் போக வேண்டும்.