குடிக்காத சாயா

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் கட்டுரை எழுத வருவது அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குள் இருக்கும் ஒரு பயத்தை ஊரில் இருப்பவர்களிடமும் என்னைப்போல் வெளியே வந்தவர்களிடமும் அல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

கனடாவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பழைய கட்டடத்தின் வாசலில் ஒருநாள் கதவளவு வெள்ளைப் பலகை ஒன்றை நட்டிருந்தார்கள். எங்கள் வீடு இருக்கும் இடத்தில் உயரமான கண்ணாடிக் கட்டடம் ஒன்றை அதில் வரைந்திருந்தார்கள். இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், வந்து சொல்லுங்கள் என்று கீழே நகராட்சி கேட்டிருந்தது. நாயோடு நடப்பவர்கள் பஸ் நேரம் பார்ப்பதுபோல் நின்று வாசித்துவிட்டுப் போனார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலைக்கு ஓடுவேன். இடித்தால், எங்களால் முடிகிற வாடகைக்கு இந்த நகரத்தில் வேறு வீடு கிடைக்காது. அதைவிட, கருத்துக் கேட்கிறார்கள் என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது.

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலும் ஒருதடவை கேட்டார்கள். புதுச் சாலைக்காகப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். வாசலில் போலீஸ், உள்ளே சாயாவும் பழம்பொரியும். வந்ததற்கு ஒரு கையெழுத்து என்றார்கள். அப்பா போட்டார், சாயா குடித்தார், ஒன்றும் பேசாமல் திரும்பினார். கொஞ்ச நாளில் எங்கள் வாழைத்தோட்டத்தின் நடுவில் அளவுக்கல் நட்டார்கள். கேட்கப் போனால், "கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்டீங்களே" என்றார்கள். அதன்பிறகு கடைத்தெருவில், "என்ன அண்ணாச்சி, ஒரு சாயாக்குத் தோட்டத்தயே குடுத்திட்டியளே, சீனியாவது கூடுதலா போட்டாவளா?" என்று கேட்பார்கள். அப்பா சிரிப்பார். ஆனால் சாயா குடிப்பதையே விட்டுவிட்டார்.

மாடியில் இருக்கும் லிண்டா கதவைத் தட்டி, நகராட்சி நடத்தும் கூட்டத்துக்கு நீயும் கட்டாயம் வரவேண்டும் என்றாள். கனடாவில் நிரந்தரமாக இருப்பதற்கான எங்கள் குடியிருப்புக் காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை. ஊரில் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, போவாண்டாம். போனாலும் வாயத் தொறக்காண்டாம், கேட்டியா?"

"அவிய கையெழுத்து கேட்டா?"

"பேனா இல்லன்னு சொல்லு."

"பேனாவும் அவியளே தருவாவ அண்ணா."

"அப்போ கை உளுக்கிட்டுன்னு சொல்லு. சாயா தந்தா தொடாத. உன்னப் பிடிச்சு வச்சா நான் எங்கன வந்து பாப்பேன்?"

கணவருக்கு அன்று வேலை. லிண்டாவோடு நூலகக் கூடத்துக்குப் போனேன். வாசலில் ஒரு பெண் சிரித்தபடி தாளையும் பேனாவையும் நீட்டினாள். "நோ சைன். ஒன்லி லுக்கிங்" என்றேன். பரவாயில்லை என்றாள். உள்ளே மேசைமேல் சாயாவும் பிஸ்கட்டும்! போலீசைத் தேடினேன், மூலையில் தொப்பியோடு நின்றவர் நாற்காலி எடுத்துப்போட வந்தவர். ஒவ்வொருவராக எழுந்து நகராட்சி அதிகாரியை முகத்துக்கு நேரே ஏசினார்கள். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். ஏசியவர்களின் வீட்டுக்கு எப்போது ஆள் வரும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று லிண்டா என்னைக் காட்டி, இவளும் அங்கேதான் குடியிருக்கிறாள் என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். எழுந்தேன்.

"ஐ நாட் அக்ரி. ஐ நோ டிரிங்க் டீ."

முன்வரிசைப் பெண் ஒருத்தி, ஐயோ பாவம், இவளுக்கு யாரும் தரவில்லையா என்பதுபோல் எழுந்துபோய் ஒரு கோப்பை சாயா கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அன்போடுதான் தந்தாள். கூட்டம் முடியும்வரை அதை ஏந்திக்கொண்டே இருந்தேன். முதலில் கை சுட்டது, பிறகு ஆறியது. குடித்தால் அப்பாவுக்கு ஆகாதவள், கீழே வைத்தால் இவர்களுக்கு ஆகாதவள் என்று இருந்தது எனக்கு.

மறுநாள் லிண்டா வந்தாள். பெயர் எழுதிக் கையெழுத்துப் போடாததால் நான் பேசியது கணக்கில் வராதாம். இப்போதும் எழுதிக் கொடுக்கலாமாம். தாளையும் பேனாவையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். இரண்டையும் தொடாமல் நான் வேலைக்குக் கிளம்பினேன்.