கறிவேப்பிலைக்கு விலை போட்ட கதை

வாங்காமல் விலை மட்டும் கேட்பதுதான் என் தொழில். எந்த நாட்டுக்காரன் எவ்வளவு வசதியாக வாழ்கிறான் என்று விலைவாசியை ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிறார்களே, அந்த ஆய்வுக்குச் செங்கல்பட்டு வட்டாரத்து விலைகளைச் சேகரித்துக் கொடுப்பவன் நான். கடைப் புடவையை எல்லாம் பிரிக்கச் சொல்லிவிட்டு, "அப்புறம் வர்றோம்" என்று நழுவிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதையே தினமும் செய்து பாருங்கள், தெரியும்.

எல்லா நாட்டுக்கும் ஒரே பட்டியல். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வேலை நிரந்தரமாகாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு உத்தியோகம் உறுதியாகும் நாளுக்காக மாமனார் வேறு காத்திருந்தார்.

போணி

காலை விலைதான் சரியான விலை என்று, விடிந்ததும் கோவளத்தில் போய் நின்றேன். அப்போதுதான் கூடையை இறக்கிய மீன்கார அம்மாவிடம் சங்கரா என்ன விலை என்று கேட்டேன். கூறு இருநூறு என்றார். குறித்துக்கொண்டு நகர்ந்தவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். நாங்கள் மீன் சாப்பிடுவதில்லை என்று பரிதாபமாகச் சொன்னேன்.

"இன்னாப்பா, போணி ஆவறதுக்கு மின்னாடி வெல கேட்டுட்டு வெறுங்கையோட போற? எடு துட்ட! நீ துன்னாட்டி பூனைக்குப் போடு!"

சால்னா

பொத்தேரியில் ஒரு பரோட்டா கடை. பரோட்டாவுக்கு ஒரு கட்டம், கூடவே தரும் குழம்புக்குத் தனியாக ஒரு கட்டம். சால்னா சும்மாதான் என்றார் மாஸ்டர். சும்மா என்று எழுத முடியாதே! தோராயமாக ஒரு விலை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். சுற்றிலும் காலேஜ் பையன்கள் வாளியைக் கவிழ்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் அடுப்பை விட்டு வந்து என் காதில் சொன்னார்:

"அண்ணாத்த, மெதுவாப் பேசு. சால்னாவுக்கு வெலன்னு பசங்க காதுல வுழுந்தா, என்னியத் தூக்கிக் கல்லுல போட்ருவானுங்க."

கறிவேப்பிலை

சால்னாவைப் பரோட்டாவோடு சேர்த்து எழுத மேலதிகாரி இரங்கிவிட்டார். கறிவேப்பிலைக்கு மசியவில்லை. வெளிநாட்டில் அது உறையில் போட்டு விற்கிற சரக்காம். சிங்கப்பெருமாள் கோயிலில் எங்கள் தெருமுனைக் காய்கறிக்கடை செல்வியக்காவோ, "காய் வாங்குனா சும்மா வெக்கிறதுக்கு இன்னா வெல?" என்று சிரித்தார். விலை கேட்கப் போய்ப் போய் வீடு முழுக்க முருங்கைக்காய்.

கடைசி நாள். இந்தக் கட்டம் நிரம்பாவிட்டால் என் வேலை நிரந்தரமாகாது என்று அக்காவிடம் கெஞ்சினேன். அக்கா கொஞ்சம் யோசித்தார். வெளிநாட்டில் எவ்வளவு என்று கேட்டார். நம் காசுக்கு நூறைத் தாண்டும் என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். "சரி, கொத்து அஞ்சு ரூபான்னு எழுதிக்க" என்றார். காலில் விழாத குறை.

வேலை உறுதியானது. மாமனார் தெருவுக்கே லட்டு கொடுத்தார். மறுநாள் காலையில் என் மனைவி வெறும் கத்தரிக்காயோடு திரும்பி வந்தாள். கறிவேப்பிலைக்கு அஞ்சு ரூபாய் தனியாம். கடை முன்னால் தெருவே நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய், ஏன் அக்கா இப்படி என்று கேட்டேன். அவர் என்னைப் பாசமாகப் பார்த்தார்.

"ஆபீஸ்ல எழுதியாச்சு இல்ல? இனிமே சும்மா குடுத்தா உன் வேலைக்குத்தான தம்பி பேஜாரு?"

ஆக, என் வேலையும் நிரந்தரம், கறிவேப்பிலை விலையும் நிரந்தரம், தெருவில் எங்களோடு பேசத்தான் ஒருவருமில்லை.