நாணல் மறைப்புக்குள் வெயில்

இருமல் முதலில் வீட்டுக்குள் வந்தது. அதன் பின்னால்தான் பொட்லாக்கோ வந்தான். அடுத்த நாட்டுத் தங்கச் சுரங்கத்தில் இருபது வருடம் பாறை உடைத்தவன். வழிநெடுகக் குதிரையை விட்டு இறங்கி இறங்கி உட்கார்ந்தான் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். மனைவி மாலிபுவோ அவன் தோளில் நழுவிய கம்பளியைச் சரிசெய்து உள்ளே கூட்டிப்போனாள்.

மகள் லிபுவோ பிறந்த அன்று ஊர் அவளை லிபுவோவின் தாய், மாலிபுவோ, என்று அழைக்கத் தொடங்கியது. பிறந்த வீட்டுப் பெயர் கூப்பிட ஆளில்லாமல் உதிர்ந்துபோயிற்று. நெட்டையானவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் தைக்கும்.

காசநோய் என்றார்கள். தினமும் காலையில் மாத்திரையை அவன் வாயில் போட்டு, விழுங்கிவிட்டானா என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். மாதங்கள் போயின. சளியில் கிருமி குறைந்தது, ஒழியவில்லை. உடம்பு தேறவில்லை. மலையடிவாரத்து மருத்துவமனையில் நர்ஸ் கெனெவே அவளை உட்காரவைத்துச் சொன்னாள்.

"மாத்திரை கிருமியை அடிக்குதும்மா. மிச்சத்த முடிக்கவேண்டியது இவர் உடம்புக்குள்ள இருக்கிற காவக்காரங்க. சுரங்கத் தூசி அவங்க கண்ணுல மண்ணப் போட்டிருக்கு. அவங்கள எழுப்பணும்."

"எப்படி, கோலால குத்தியா?" என்றான் பொட்லாக்கோ.

"முட்டை, பீன்ஸ், புளிச்ச பால். அப்புறம் மதிய வெயில்ல தினம் உட்காருங்க ஐயா. ஆனா மாத்திரைய ஒரு நாளும் விடக்கூடாது."

மருந்தோடு உடம்பின் சொந்த பலத்தையும் ஏற்றினால் நோய் சீக்கிரம் இறங்குமா என்று பார்க்கும் ஆய்வு அப்போது நடந்துகொண்டிருந்தது. அதில் அவனையும் சேர்த்தார்கள். இரத்தம் எடுத்தார்கள்.

அவன் சொன்னபடி செய்தான். சூரியன் உச்சிக்கு வந்ததும் வாசலுக்குப் போவான். நிழல் வரும்வரை அசையமாட்டான். ஒரு மாதம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, வெயில் பட்டால் தோலில் ஊறவேண்டிய சத்து அடிமட்டத்திலேயே கிடந்தது.

"நீங்க வெயில்ல உட்காரவே இல்ல" என்றாள் கெனெவே.

"நான் பொய் சொல்றேனா? இவளக் கேளு!"

"உட்கார்ந்தார்மா. நான் பாத்தேன்" என்றாள் மாலிபுவோ. "கோழிகூட இவரத் திண்ணைன்னு நெனச்சு மேல ஏறுச்சு."

நர்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்தாள். தலையில் கம்பளிக் குல்லா, அதன்மேல் புல் தொப்பி. தொண்டைக்குக் கீழே பெரிய ஊசியால் கோத்து முழங்கால்வரை இறக்கிய கம்பளி. கீழே ரப்பர் பூட்ஸ். வெயில் கண்டது மூக்கின் நுனி ஒன்றுதான்.

"ஐயா, வீட்டுலயும் இப்படியேதான் உட்கார்ந்தீங்களா?"

"பின்ன? கம்பளி இல்லாம வாசல்ல உட்கார நான் என்ன பைத்தியமா?"

கெனெவே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாலிபுவோவுக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அவன் கம்பளி ஊசியில் அவள் கைவைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம். என் விலா எலும்பப் பாத்தா ஊர்க்காரனுங்க நாளைக்கே குழி வெட்ட ஆள் சேத்துடுவானுங்க. நான் உசுரோட இருக்கும்போதே என் மாட்டுக்குப் பங்கு பேசுவானுங்க."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். மறுநாள் கம்பளியை ஓடையில் துவைத்துப் பாறையில் காயப்போட்டாள். இனி என்ன செய்வான் பார்ப்போம் என்று திரும்பி வந்தால், அவன் அடுப்புப் புகைக்குள் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். அந்த இருமலைக் கேட்டபடி வெகுநேரம் கதவோரம் நின்றாள். இப்படியே போனால் ஊர் பேசப்போவது உண்மையாகிவிடும்.

அடுத்த நாள் ஆற்றங்கரைக்குப் போய் நாணல் அறுத்தாள். சுமை சுமையாகத் தூக்கி வந்து, வாசலுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு வளைத்துக் கட்டினாள். மேலே வானம் திறந்திருந்தது. பாதையில் போகிறவன் கண்ணுக்கு உள்ளே எதுவும் தெரியாது.

எங்கள் ஊரில் வாசலில் புது நாணல் தெரிந்தால் உள்ளே பச்சைக் குழந்தை என்று பொருள். ஆண்கள் கிட்டே வரமாட்டார்கள். பக்கத்து வீட்டு மாத்துமேலோ இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்னடி மாலிபுவோ, இந்த வயசுல குழந்தையா?"

"ஆமா. பல்லோட பொறந்திருக்கு. முட்டை கேட்டு அழுது."

"அப்பன் யாரு?"

"அதுக்கே தெரியாது. கேட்டா கோவிச்சுக்கும்."

உள்ளே பொட்லாக்கோ பல்லைக் கடித்தான். "என்னத் தொட்டில் பிள்ளையாக்கிட்டியேடி!"

"அழாம உட்காருங்க லிபுவோ அப்பா. முட்டை வேகுது."

மாத்துமேலோ சிரித்தாள், ஊரே சிரித்தது. ஆனால் பாதையில் போன ஆண்கள் பழக்கம் விடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே போனார்கள். எவனும் எட்டிப்பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஊசி கழன்றது. பிறகு சட்டையும் கழன்றது. மாலிபுவோ பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்தாள். அவன் விலாவை அவள் மட்டும் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பீச் மரங்கள் பூத்தபோது சளியில் கிருமி இல்லை. வெயிலா, முட்டையா, மாத்திரையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே ஆளை வைத்து எதையும் நிரூபிக்கவும் முடியாது. மாத்திரை இல்லாமல் நடந்திருக்காது. மாலிபுவோ இல்லாமலும் நடந்திருக்காது. நுரையீரலில் தழும்பு தங்கிவிட்டது. மேடு ஏறினால் மூச்சு வாங்கும். ஏறினான்.

அதன்பின் பத்துக் குளிர்காலம் சேர்ந்து இருந்தார்கள். நாணல் மக்கும்போதெல்லாம் அவள் புதிதாகக் கட்டினாள். "அடுத்த பிள்ளையா?" என்று மாத்துமேலோ கேட்பதும் நிற்கவில்லை.

போன ஜூலைக் குளிரில் மாலிபுவோ இறந்தாள். இதயம் நின்றுவிட்டது. அதற்கு மருந்து கொடுக்க நேரம் இருக்கவில்லை.

குழிமேட்டில் ஊர் முழுதும் கம்பளி போர்த்தி நின்றது. பெட்டியை இறக்கும் முன் பொட்லாக்கோ முன்னால் வந்தான். தொண்டையோரம் கம்பளியில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினான். கம்பளியை எடுத்து அவள் பெட்டிமேல் விரித்து, ஓரங்களை நிதானமாக இழுத்துவிட்டான். பிறகு நிமிர்ந்து, அத்தனை பேர் நடுவிலும் வெறும் சட்டையோடு நின்றான். காற்றில் சட்டை உடம்போடு ஒட்டியது. தோள் அகலமாக இருந்தது.

மாத்துமேலோ தன் கம்பளியைக் கழற்றி நீட்டினாள். "போத்திக்கோங்க ஐயா. குளிருது."

"இருக்கட்டும்மா" என்றான். "வெயில் இருக்கு."