கப்பல் யானை கரை சேர்ந்த நாள்

போன வெள்ளிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெரிய பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போயிருந்தேன். துபாய் வெயிலுக்கு ஏற்ற இடம். மொத்தமும் கூரைக்குள், உள்ளே போனால் பல் கிட்டுகிற குளிர். கார்ட்டூன் படங்களை வைத்துச் செய்த சவாரிகள்தான் அங்கே விசேஷம். எனக்கு இதெல்லாம் ஆகாது. எதிலும் ஏறமாட்டேன் என்று கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டேன். "இது ஒண்ணுல மட்டும் வாங்கம்மா" என்று மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன வாசலில் யார் நின்றது என்கிறீர்கள்? மஞ்சள் மழைக்கோட்டு போட்ட யானை!

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்த யானையின் கார்ட்டூன் படம் வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. கதை ஒன்றும் பெரிதில்லை. அப்பா யானை கப்பல் ஓட்டிக்கொண்டு கடலுக்குப் போகும், புயலில் மாட்டிக்கொள்ளும். குட்டி யானை கரையில் அரிக்கேன் விளக்கோடு காத்து நிற்கும். கடைசியில் அப்பா வந்துவிடும், அவ்வளவுதான். இன்று அந்தப் படத்தை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. என் மகள் பார்த்ததே இல்லை. ஆனால் சவாரிக்கு வரிசை நீண்டு கிடக்கிறது. அதில் பாதிப் பேர் பிள்ளைகுட்டி இல்லாமல் தனியாக வந்த பெரிய மனிதர்கள்.

படகில் உட்கார்ந்ததுமே அந்த வாசனை வந்துவிட்டது. குளோரின் போட்ட தண்ணீரும் எஞ்சின் எண்ணெயும் கலந்த வாசனை. படகு இருட்டுக்குள் போயிற்று, இடி இடித்தது, புயல் வந்தது, படகு இடதுபக்கம் சரிந்தது. எல்லாரும் கூச்சல் போட்டுக்கொண்டு இடதுபக்கம் விழ, நான் ஒருத்தி மட்டும் வலதுபக்கம் சாய்ந்து பக்கத்தில் இருந்த பெண்ணின் விலாவில் இடித்துவிட்டேன். அவள் முறைத்தாள். "என்னம்மா பண்றீங்க?" என்று மகள் கேட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு அவளிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கடியப்பட்டணம், நாகர்கோவில் பக்கத்துக் கடற்கரை ஊர். அப்பாவுக்கு வள்ளம் இருந்தது, எஞ்சின் வைத்த மீன்பிடிப் படகு. கோயில் திருநாள் முடிந்த மறுநாள் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் அதில் ஏற்றிக் கடலில் ஒரு சுற்று சுற்றிக் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். அதில் ஏறுகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தால் எல்லாரும் அந்த நொடியே மறுபக்கம் சாய வேண்டும். யாரும் யாரையும் பார்க்கக் கூடாது, யோசிக்கவும் கூடாது. சித்திக்கு, அதாவது என் அம்மாவின் தங்கைக்கு, இது எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்றால், பஸ் வளைவில் திரும்பும்போதுகூட எதிர்ப்பக்கம் சாய்ந்து பக்கத்து சீட்டுக்காரர்களிடம் திட்டு வாங்குவாள்.

யானைப் படம் வந்த அந்த வருடம் ஒருநாள் அப்பாவின் வள்ளம் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்பாவோடு கூடப் போனவர்கள் இரண்டு பேர். எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "அப்பா கொல்லத்துக்குப் போயிருக்காரு மக்கா, வந்துருவாரு" என்றார்கள். ஆனால் பாருங்கள், பக்கத்து வீடுகளில் எல்லாம் கேட்காமலே எனக்கு பிஸ்கட் கொடுக்க ஆரம்பித்தார்கள். கேட்டாலே கொடுக்காதவர்கள் கேட்காமல் கொடுத்தால் பிள்ளைகளுக்குத் தெரியாதா? அம்மா மீன் வாங்குவதை நிறுத்திவிட்டாள். அந்தக் கடலில் இருந்து ஒன்றும் தன் வீட்டுக்கு வேண்டாம் என்றாள். கஞ்சியும் துவையலும்தான். பெண்களெல்லாம் கரையில் போய் மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க நாகர்கோவிலுக்குப் போனார்கள். அம்மா, சித்தி, அப்பாவோடு கடலுக்குப் போன இரண்டு பேரின் மனைவிமார். வீட்டில் விட ஆளில்லாமல் என்னையும் கூட்டிப் போனார்கள். மனுவை வாங்கிக்கொண்டு, தேடிக்கொண்டிருக்கிறோம் அம்மா என்றார்கள். அதற்கு மேல் அவர்களும்தான் என்ன சொல்ல முடியும்? திரும்பி பஸ்ஸுக்கு நடக்கும்போது வழியில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ராட்டினம், மிளகாய் பஜ்ஜி, ஒலிபெருக்கி. அதற்கு நடுவில் படகுச் சவாரி காட்டுகிற ஒரு தகரக் கொட்டகை. அதன் முகப்பில் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட யானை. படம் எடுத்தவர்களிடம் அனுமதியெல்லாம் கேட்டிருக்கவே மாட்டார்கள். தும்பிக்கை கோணல், ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. ஆனாலும் அதே யானைதான்.

அந்தப் படத்தை அப்பாதான் பள்ளி லீவில் என்னைத் தியேட்டருக்குக் கூட்டிப் போய்க் காட்டியிருந்தார். படம் முழுக்க, "ஆனை ஏறினா வள்ளம் நிக்குமா மக்கா?" என்று என் காதில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். பார்த்தே ஆக வேண்டும் என்றேன். சந்தையில் பத்துப் பேரை ஒற்றையாகச் சமாளிக்கிற சித்திகூட என்னை நகர்த்த முடியாமல் தோற்றுப்போனாள்.

"போகட்டு அக்கா, பிள்ள ஒண்ணும் திங்காம கெடக்கா. ஒரு சுத்து சுத்திட்டு வரட்டு" என்றாள் சித்தி.

அம்மாவுக்கு மனசே இல்லை. ஆனால் என்னைக் கண்ணைவிட்டு அந்தக் கொட்டகைக்குள் அனுப்பவும் அவளால் முடியவில்லை. அவள் ஏற, சித்தி ஏற, வெளியே நின்று என்ன செய்ய என்று மற்ற இரண்டு பேரும் ஏறினார்கள். கடலில் இருந்து ஆள் வராமல் காத்திருந்த அத்தனை பெண்களும் கடைசியில் அந்த ஃபைபர் படகுக்குள் இருந்தோம். எனக்கு அதொன்றும் தோன்றவில்லை. உள்ளே அப்பா யானை கரைக்கு வரும், அதைப் பார்த்துவிட வேண்டும். வந்துவிட்டால் எங்கள் அப்பாவும் வந்துவிடுவார். எட்டு வயதுப் புத்தி, சிரிக்காதீர்கள்.

தண்ணீர்த் தொட்டிக்குள் தண்டவாளம் மாதிரி ஒன்றைப் போட்டு, சங்கிலியால் படகை இழுத்தார்கள். துறைமுகம் வந்தது, குட்டி யானை டாட்டா காட்டியது. பிறகு நீல விளக்கு, ஒரு ஃபேன், முகத்தில் தெறிக்கிற தண்ணீர், தகரத்தை உதறி இடிச் சத்தம். படகு சடாரென்று இடதுபக்கம் சரிந்தது. அவ்வளவுதான். நான்கு பெண்களும் நானும், ஒரு வார்த்தை பேசாமல், ஒரே வீச்சில் வலதுபக்கம் சாய்ந்தோம். அடியில் 'கடக்' என்றது. படகு தண்டவாளத்தை விட்டு இறங்கி, புயலுக்கு நடுவில் நின்றுபோயிற்று.

டியூப்லைட்டைப் போட்டார்கள். கப்பல் அட்டைக் கப்பல், கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. புயலுக்குப் பின்னால் ஒரு கொடியில் யாரோ லுங்கி காயப்போட்டிருந்தார்கள். சவாரி ஓட்டுகிறவர் ஓடிவந்தார். மதுரைப் பக்கத்து ஆள், நடுவயது, பேச்சிலேயே தெரிந்தது.

"யாரும்மா அது படகுல ஆட்டம் போட்டது?"

"ஆரும் ஆடல்ல அண்ணாச்சி. வள்ளம் சாஞ்சுது, நாங்க நேராக்குனோம்" என்றாள் சித்தி.

"அது சாயத்தாம்மா செய்யும்! சாயிறதுக்குத்தான டிக்கெட்டே வாங்குறீங்க!"

சித்திக்கு இது விளங்கவே இல்லை. சாய்கிற வள்ளத்துக்கு யாராவது டிக்கெட் வாங்குவார்களா? அவர் தலையில் அடித்துக்கொண்டார். சரி, துட்டைத் திருப்பித் தருகிறேன், பக்கத்துக் கதவு வழியாக இறங்கிப் போங்கள் என்றார். எல்லாரும் எழுந்தார்கள். நான் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"எறங்கு மக்கா" என்றாள் அம்மா.

"அப்பா இன்னும் வரல்ல. அப்பா கரைக்கு வந்த பெறவு எறங்குகேன்."

அதுவரை என் முன்னால் அழாமல் இருந்த அம்மா சேலைத்தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். எனக்குத் தெரிந்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பாப்பா என்னம்மா சொல்லுது?" என்று கேட்டார் அந்த மனிதர்.

"இவ அப்பன் கடலுக்குப் போயி வரல்ல அண்ணாச்சி. இவளுக ரெண்டு பேருக்க மாப்பிளமாரும் அந்த வள்ளத்துலதான்" என்றாள் சித்தி.

அவர் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினார். "அந்த வளைவு தாண்டுனா கரைதான். கையால தள்ளிட்டுப் போயிருவோம். தண்ணிக்குள்ள ஆளு நிக்கிறப்ப மோட்டார் போடக்கூடாது" என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினார். சித்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். மற்ற இரண்டு பேரும் இறங்கினார்கள். கடைசியில் அம்மாவும். வள்ளத்தைக் கரையேற்றும்போது எங்கள் ஊரில் போடுகிற சத்தம் ஒன்று உண்டு. சித்தி அதை எடுத்துக் கொடுக்க, மற்ற மூவரும் வாங்கிப் போட, அந்தத் தகரக் கொட்டகை அதிர்ந்தது. வெளியே வரிசையில் நின்ற சனம், உள்ளே என்னவோ புதுசாகக் காட்டுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தது. நான் ஒருத்தி மட்டும் மகாராணி கணக்காகப் படகில் உட்கார்ந்திருந்தேன்.

வளைவு தாண்டியதும் குட்டி யானை விளக்கோடு நின்றது. அப்பா யானையின் கப்பல் மோட்டார் இல்லாமல் எப்படி வரும்? அந்த மனிதரே அட்டைக்குப் பின்னால் ஏறிப் போய்க் கையால் தள்ளிக்கொண்டு வந்தார். யானைக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

"அந்தா பாரு பாப்பா, வந்துட்டாரு" என்றார்.

"விளக்கு எரியல்ல" என்றேன். எவ்வளவு கொழுப்பு பாருங்கள் எனக்கு!

அவர் டார்ச் லைட்டைத் தேடி எடுத்து வந்து குட்டி யானையின் விளக்குக்குள் காட்டிக்கொண்டு நின்றார். இன்னொரு கையால் கப்பலை இழுக்க, அப்பா யானை கரையைத் தொட்டது. நான் இறங்கினேன். முழங்கால் தண்ணீரில் நின்ற நான்கு பெண்களில் ஒருத்திக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நான்கு பேருக்கும் வந்தது. அது எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. டார்ச்சைப் பிடித்தபடி அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

உடனே அப்பா வந்துவிடவில்லை. பொருட்காட்சியில் இருந்து வந்த பிறகும் அம்மா கரையில்தான் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு காலையில், தெருமுனையில் போன் வைத்திருந்த கடைக்காரர் செருப்புகூடப் போடாமல் கத்திக்கொண்டு ஓடிவந்தார். "கெடச்சாச்சி! மூணு பேரும் இருக்காவ!" எஞ்சின் கெட்டுப்போய் நீரோட்டத்தின் ஒழுக்கில் போன வள்ளத்தை ஒரு விசைப்படகில் இருந்தவர்கள் பார்த்து, கேரளத்தில் கரை சேர்த்திருந்தார்கள். அம்மா அந்த மணலிலேயே மல்லாந்து படுத்துவிட்டாள். எல்லாரும் பதறினார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை, அத்தனை நாளுக்கும் சேர்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். எழுந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "சவத்து எஞ்சினு" என்கிற வசவு. அன்று எங்கள் வீட்டில் அயிலை மீன் குழம்பு.

அப்பா தாடியும் கருத்த உதடுமாக வந்து இறங்கியபோது நான் ஓடிப்போய், நாங்கள்தான் உங்களைக் கரைக்கு இழுத்தோம் என்று பொருட்காட்சிக் கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை, முழுவதையும் கேட்டார்.

"சாஞ்சப்போ எந்தப் பக்கம் போனியோ?"

"எதிர்ப்பக்கம்."

"கொள்ளாம்" என்று மெச்சி என்னைத் தூக்கிக்கொண்டார்.

முடிவு தெரிந்த சவாரிக்கு ஏன் இத்தனை கூட்டம் என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். முடிவு தெரியும் என்பதால்தானே கூட்டம்? அந்தத் தண்ணீரில் போன அப்பா ஒவ்வொரு தடவையும் திரும்பி வருகிறார். என் மகளும் இறங்கிய கையோடு, "இன்னொரு தடவை" என்றாள். நான் மறுபேச்சு பேசாமல் வரிசையில் போய் நின்றேன்.

அந்தத் தகரக் கொட்டகைச் சவாரியைப் பிறகு எந்தப் பொருட்காட்சியிலும் நான் பார்க்கவில்லை. டார்ச் பிடித்தவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கரையில் பெண்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பதும் எங்கள் தெருவில் அரிதாகிவிட்டது. அப்பா வந்து ஒன்றிரண்டு வருடத்தில் பிறந்த தம்பிதான் இப்போது கடலுக்குப் போகிறான். வயர்லெஸ் இருக்கிறது, போன் இருக்கிறது, படகு நிற்கிற இடத்தைக் காட்டுகிற கருவி இருக்கிறது. கடல் ஒன்றும் சாதுவாகிவிடவில்லை. ஆனால் ஆள் எங்கே என்று தெரியாமல் செத்துப் பிழைத்த அந்த நாட்கள் போய்விட்டன. போகட்டும், அவற்றுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன்.

நேற்று மத்தியானம், ஊரில் காற்று பலமாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு அம்மாவுக்கு போன் போட்டேன். அவள் பேச்சோடு சேர்ந்து ஜன்னல் கதவு படபடவென்று அடிக்கிற சத்தமும் கேட்டது.

"தம்பி கடல்ல எங்கம்மா நிக்கான்?"

"எனக்கென்ன தெரியும்? போன் போட்டு அவன்ட்டயே கேளு."

"நீங்க கேக்கலியா?"

"காலையிலயே பேசுனான்லா. நல்லாத்தான் இருக்கான். இப்பம் என்னத்துக்குக் கூப்பிட்ட நீ? சோறு தின்னுட்டு இப்பந்தான் கண்ணசந்தேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.