அலிபிரிக்கு மாமாவை அழைக்கப் போனது

மாமா எந்தச் சாமியைத் தேடிப் போய் வந்திருக்கிறார் என்பது எங்களுக்கு அத்தையின் சமையலில்தான் தெரியவரும். வெங்காயமும் பூண்டும் நின்றுபோனால் ஏதோ ஒரு மடம். உருளைக்கிழங்கும் முள்ளங்கியும் சேர்ந்து நின்றுபோனால், வாயை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு வெறுங்காலோடு நடக்கிற சமணத் துறவிகள். விடியுமுன் அடுப்பு எரிந்தால் நெல்லூர்ப் பக்கத்துத் தர்காவில் நோன்பு பிடித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை அடுப்பே எரியாவிட்டால் சித்தூரில் ஜெபக்கூட்டம். அத்தை எதையும் ஏன் என்று கேட்டதில்லை. எந்தச் சாமியானாலும் அவர் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டால் போதும் என்று, அந்தச் சாமிக்கு ஏற்றபடி சமைத்தாள். உருளைக்கிழங்கு நின்றுபோன மாதம் எனக்குத்தான் பெரிய துக்கமாக இருந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. நகரியில் எங்கள் வீடும் அவர் வீடும் ஒரு சுவருக்கு இரண்டு பக்கம். எங்கள் பக்கம், நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் விசைத்தறிகள் ஓடும். அந்தச் சத்தத்தை மீறிப் பாடிப் பாடித்தான் மாமாவுக்கு அப்படி ஒரு குரல் வந்தது என்று நைனா பெருமையடித்துக்கொள்வார், ஏதோ தறியே குரு என்பதுபோல. டீக்கடை தோறும் டேப் ரிக்கார்டர் வந்துவிட்ட காலம் அது. மெட்ராசில் ஒரு கேசட் கம்பெனிக்காரர் மாமாவைப் பெருமாள் பாட்டுகள் பாட வைத்தார், தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. அதன் பிறகு லாரிகளில், கல்யாண வீடுகளில், கோயில் ஒலிபெருக்கிகளில் எல்லாம் மாமாதான். பள்ளிக்கூடத்தில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பாட்டுக்காரர் அக்கா மகள், அவ்வளவுதான்.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன எங்கள் ஊர்க்காரர்கள் அந்தக் கேசட்டுகளைத் துணிகளுக்கு நடுவில் சுற்றி எடுத்துப் போனார்கள். அங்கே ஒரு பண்டிகைக்குப் பாட மாமாவையும் கூப்பிட்டார்கள். எங்கள் தெருவிலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் என்று மாலை போட்டு அனுப்பினோம். அவர் அங்கே பாடிக்கொண்டிருந்தபோது இங்கே அவருடைய ஒரே மகளுக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறியது. சித்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வேலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. சின்னக் குழந்தை என்பதால் அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்கள். மாமா வந்து பார்த்தது மண்ணைத்தான்.

அவளும் நானும் ஒரே வயது. ஒரே வகுப்பு.

அதன் பிறகு மாமா பாடவில்லை. கம்பெனிக்காரர் கார் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மாமா ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார். போகிற இடத்திலெல்லாம் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார் என்று பின்னால் அம்மா சொன்னாள்: “கொழந்த இப்ப எங்க இருக்குது?” இன்னொரு வயிற்றில் பிறந்திருக்கும் என்றது மடம். ஆண்டவர் மடியில் என்றது ஜெபக்கூட்டம். கணக்குத் தீர்ந்த உயிர், தேடாதே என்றார்கள் சமணர்கள். தர்காவில் ஒரு கிழவர் பதிலே சொல்லாமல் கூடவே அழுதாராம். அங்கேதான் மாமா அதிக நாள் இருந்தார்.

நைனாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “சாமிங்கள ஜவுளிக் கடயில சேல பாக்கறாப்புல பிரிச்சிப் பிரிச்சிப் போட்டுக்கினு கீறான் உன் தம்பி. ஒன்னையும் எடுக்க மாட்டேன்றான்” என்பார்.

“எடுத்துட்டாத்தான் தேடறத வுட்றணுமே” என்பாள் அம்மா.

எனக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. காணாமல் போனதைத் தேடத்தானே வேண்டும்?

ஒரு நாள் திருப்பதியில் பூ விற்கிற எங்கள் ஊர்ப் பெண் வந்து சொன்னாள். மாமா மொட்டையடித்து, அலிபிரி படிக்கட்டு அடிவாரத்தில் வடநாட்டுச் சாதுக்கள் சிலரோடு உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் மலையேறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு மறுபக்கம் இறங்கி அப்படியே வடக்கே போகிறவர்கள். போனால் இமயமலைதான், திரும்ப மாட்டார்கள்.

அத்தை அதைக் கேட்டு அழவில்லை. கத்தரிக்காய் வாங்கிவரச் சொன்னாள். மறுநாள் அவளும் அம்மாவும் நானும் கிளம்புவது என்று முடிவாயிற்று. முன்பு ஒரு முறை காளஹஸ்தியில் அத்தையைக் கண்டதும் மாமா கூட்டத்துக்குள் நுழைந்து மறைந்துவிட்டார். அதனால் இந்த முறை அத்தை தூரத்தில் நிற்பது, பேசப் போவது நான். குழந்தைகள் கூப்பிட்டு மாமா ஒருபோதும் மறுத்ததில்லை.

பெரிய இடத்துக்குப் போகிறோம், அதனால் நல்ல துணி என்று அம்மா என் தீபாவளிப் பாவாடையை எடுத்தாள். கத்தரிப்பூ நிறம். நைனா தறியில் ஓடிய ஒரு சேலையை இரண்டாக வெட்டி எனக்கும் மாமா மகளுக்கும் தைத்தது. மறு பாதி அத்தையின் பெட்டியில் இருந்தது. தறிக்காரர் வீட்டில் நாங்கள் கட்டுகிற துணியெல்லாம் இப்படி ஒன்றை வெட்டி இரண்டாக்கியதுதான் என்பதால், யாருக்கும் அதில் எதுவும் தோன்றவில்லை. எனக்கு அது கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டிருந்தது. வளர்கிற பிள்ளைகளின் பாவாடையைச் சுற்றிலும் ஒரு பிடி மடித்துத் தைத்து, உயரம் ஏற ஏறப் பிரித்துவிடுவது எங்கள் வழக்கம். அத்தைதான் என்னை நிற்கவைத்து, குனிந்து நூலைப் பல்லால் கடித்து அந்த மடிப்பைப் பிரித்தாள். வெயில் படாத அந்தத் துணி மட்டும் வெளுக்காமல், பாவாடையைச் சுற்றி அடர்த்தியாக ஒரு பட்டைபோல் தெரிந்தது. எனக்கு அது புதுக் கரை வைத்ததுபோல் அழகாக இருந்தது.

“இன்னா சொல்லணும், சொல்லு கண்ணு” என்றாள் அத்தை, பஸ்ஸில்.

“அத்த சமச்சி வெச்சிக்கீறாங்க. ஒரு தபா ஊட்டுக்கு வந்து துன்னுட்டுப் போ மாமா.”

“அழக் கூடாது.”

“நா ஏன் அழறேன்?”

புத்தூர் தாண்டும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள்.

அலிபிரியில் ஜனங்கள் பெருமாளின் பித்தளைப் பாதரட்சையைத் தலையில் வைத்து மண்டபத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் படிகளில் பெண்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டே குனிந்தபடி ஏறினார்கள். கற்பூரக் கடையின் ஒலிபெருக்கியில் மாமா தெலுங்கில் பாடிக்கொண்டிருந்தார். அதன் நேர் கீழே, மொட்டைத் தலையோடு மாமா உட்கார்ந்திருந்தார். பாடுவது அவர்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு அம்மாள் அவர் கையில் வாழைப்பழம் ஒன்றை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அத்தையும் அம்மாவும் தேங்காய்க் கடைக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். நான் நடந்து போய் அவர் முன்னால் நின்றேன்.

“யார்ரா இது, எங்க அக்கா பெத்த ராணியா?” என்றார் மாமா. பழைய குரல்தான். பழத்தை உரித்து என்னிடம் நீட்டினார். நான் மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

“இன்னா சமச்சிக்கீறா?”

“கத்திரிக்கா கொழம்பு.”

“வெங்காயம் போட்டா, போடாமயா?”

“ரெண்டு சட்டில வெச்சிக்கீறாங்க. போட்டது ஒன்னு, போடாதது ஒன்னு.”

மாமா சிரித்தார். பக்கத்தில் இருந்த சாது திரும்பிப் பார்க்கும்படி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “அவகிட்டேர்ந்து எந்தச் சாமியும் தப்பிக்க முடியாது” என்றார். பிறகு ஒரு கையைத் தரையில் ஊன்றினார். எழுந்திருக்கத்தான் ஊன்றினார், அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. தேங்காய்க் கடைப் பக்கம் திரும்பி நான் தலையைக்கூட ஆட்டினேன்.

ஊன்றிய கைக்குப் பக்கத்தில் என் பாவாடை இருந்தது. மாமா அதைப் பார்த்தார். கையைத் தரையிலிருந்து எடுத்து, வெளுக்காத அந்தப் பட்டையின்மேல் ஒரு விரலை வைத்து மெதுவாகத் தடவினார், ஓரத்திலிருந்து ஓரம்வரை. மேலே பழைய தையல் இருந்த ஊசித் துளைகளையும் தொட்டுப் பார்த்தார்.

“இவ்ளோ வளந்துட்டியா?” என்றார்.

“ஆமா மாமா.”

“இவ்ளோ வளந்துட்ட” என்றார் மறுபடியும், என்னைப் பார்க்காமல்.

பிறகு எழுந்தார். என் தலையில் கை வைத்து, “அம்மாகிட்ட போ” என்றார். குங்குமம் வைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே புகுந்து படிகளில் ஏறினார். சாதுக்கள் தங்கள் மூட்டைகளை அவசரமாகக் கட்டிக்கொண்டு பின்னால் போனார்கள். அதற்குப் பிறகு எங்களில் யாரும் மாமாவைப் பார்க்கவில்லை.

இப்போது என் மகளுக்கு அன்றைய என் வயது. வேலை, வாடகை வீடு என்று நாங்கள் பெங்களூர் வந்துவிட்டோம். அவள் உடம்பு சற்றுச் சுட்டாலே நான் படுகிற பாட்டைப் பார்த்து என் கணவர் சலித்துக்கொள்கிறார். வேறு துணி உடுத்தியிருந்தால் மாமா வந்திருப்பாரா என்று சில சமயம் நினைப்பேன். துணி இல்லாவிட்டால் என் பல், என் சடை, என் குரல் என்று வேறு எதுவாவது காட்டிக்கொடுத்திருக்கும் என்றும் நினைப்பேன். அம்மாவிடம் இதைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? நான் தேங்காய்க் கடைக்கு ஓடிவந்தேன். அம்மா மாமா போன படிகளைப் பார்த்துக்கொண்டு வாயில் முந்தானையை வைத்திருந்தாள். “ஏறிப் போயிப் புடிச்சிடலாம் வா, எவ்ளோ தூரம் போயிருப்பான்” என்று அத்தையின் கையை இழுத்தாள்.

அத்தை நகரவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “மாமா இன்னா சொன்னாரு கண்ணு? அப்படியே சொல்லு.”

எனக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி இருந்தது. “நா வளந்துட்டேன்னு சொன்னாரு அத்த! ரெண்டு தபா சொன்னாரு!”

அத்தை என்னை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தாள். என் இடத்தில் வேறு யாரோ நிற்பதை அளவெடுப்பதுபோலப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம், “வுட்டுடுங்க அண்ணி. அவர் போவட்டும்” என்றாள். காலையிலிருந்து அவளிடம் இருந்த அவசரமெல்லாம் போய்விட்டிருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. எல்லாருக்கும் தெரியட்டும் என்று கம்பியைப் பிடித்து நிமிர்ந்து நின்றுகொண்டே வந்தேன். அம்மா பார்த்தாள், பூக்காரப் பெண்கள் பார்த்தார்கள், கண்டக்டர்கூடப் பார்த்தார். அத்தை மட்டும் நகரி வரும்வரை ஜன்னலுக்கு வெளியே முகத்தை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பவே இல்லை. மாமா என்னைப் பாராட்டியது அத்தைக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவளோடு கோபமாக இருந்தேன்.