எலி வளைச் சோளம்

விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் கிராமசேவக்காக இருந்த காலத்தில் எலியைப் பற்றி ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன். ஒரு ஜோடி வருஷத்துக்கு எத்தனை குட்டி போடும், ஏக்கருக்கு எவ்வளவு சேதம், எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஒரு வளையைப் பார்த்து உள்ளே தானியம் இருக்கிறதா, வெறும் பொந்தா என்று சொல்லத் தெரியாது. அது ஆண்டாயிக்குத் தெரியும்.

குரும்பலூருக்கு மேற்கே கரிசல் காட்டு ஊர் ஒன்றின் காலனியில் அவள் குடிசை. நிலம் கிடையாது. புருஷன் ராசாங்கம் கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து செத்துப்போனபோது மகள் குஞ்சம்மாளுக்கு மூன்று வயது. களையெடுப்பு, அறுப்பு என்று கூலிக்குப் போய்த்தான் அவளை வளர்த்தாள். தை மாதம் சோள அறுப்பு முடிந்தால் கூலியும் முடிந்துவிடும். அப்புறம் எலி வளைதான் சோறு போடும்.

வளையில் கிடைப்பது தோண்டியவருக்கு. அந்தப் பக்கத்து வழக்கம் அது. எலி ஒழிந்தால் போதும் என்று நிலத்துக்காரரும் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆண்டாயி வயலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வளை வாயில் கிடக்கும் மண்ணை விரலால் தொட்டுப் பார்ப்பாள். பிறகு நாலடி தள்ளி ஓரிடத்தில் கடப்பாரையைப் போடுவாள். கதிர் கதிராக அடுக்கிவைத்த அறை கண்ணில் படும். வீட்டில் என் மனைவிகூட அப்படி அடுக்கியதில்லை.

ஒருநாள் அப்படித் தோண்டும்போது நானும் பக்கத்தில் நின்றேன். கண் திறக்காத நாலு குட்டிகள், மொச்சைக்கொட்டை அளவில். தாய் வெள்ளெலி ஓடாமல், பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு எங்களையே பார்த்தது. எலியைக் கொல்லச் சம்பளம் வாங்குகிறவன் நான். எனக்கே மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"புள்ளத்தாச்சி சொத்து, எல்லாத்தையும் எடுக்கக் கூடாதுங்க" என்று சொல்லி ஆண்டாயி ரெண்டு கதிரை உள்ளேயே போட்டு மண்ணைத் தள்ளி மூடினாள்.

"இப்படி விட்டுவிட்டுப் போனால் எலி எப்படி ஒழியும்?" என்று நான் கோபித்துக்கொண்டேன். அவள் சிரித்தாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் மார்கழியில் எலி ஒழிப்பு இயக்கம் வந்தது. உடைத்த சோளத்தில் எண்ணெய் பிசறி, முதல் மூன்று நாள் மருந்து கலக்காமல் வளைக்கு வளை வைக்க வேண்டும். எலி பயம் தெளிந்து தின்னப் பழகிவிடும். நாலாம் நாள் அதே சோளத்தில், பூண்டு வாடை அடிக்கும் கறுப்பு மருந்துப் பொடியைக் கலந்து வைக்க வேண்டும். பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் போட்டு இதை விளக்கினேன். ஆடு, கோழி பத்திரம் என்று எச்சரித்தேன். காலனிக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிலம் இருக்கிறவர்களுக்குத்தானே மருந்து என்று நினைத்தேன். வளை தோண்டுகிறவர்கள் அந்தக் காலனியில்தான் இருக்கிறார்கள் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

தை மாதம் ஆண்டாயி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். கட்டிக்கொடுத்திருந்த மகள் குஞ்சம்மாள் ஏழு மாதக் கர்ப்பமாக அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். வீட்டில் ஒரு பிடி தானியம் இல்லை.

"மருந்து வச்சிருக்காங்கன்னு பேசிக்கிறாங்களே சார். அமிர்தலிங்கம் அய்யா காட்டுல தோண்டலாங்களா?"

கையிலிருந்த நோட்டைப் பிரித்தேன். மருந்து வாங்கியவர் பட்டியலில் அமிர்தலிங்கம் பெயர் இல்லை.

"அந்த வயலில் வைக்கவில்லை. தாராளமாகத் தோண்டு."

அவள் உடனே போகவில்லை. "பக்கத்துல அழகேசன் காட்டுல வச்சிருப்பாங்களே சார்? எலிக்கு வரப்பெல்லாம் கிடையாதுங்களே."

"வைத்ததை அங்கேயே தின்று அங்கேயே செத்திருக்கும்" என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. ஆனால் நான் சார். தனக்குத் தெரிந்ததை ஒதுக்கிவைத்துவிட்டு என் பேச்சை நம்பிப் போனாள்.

வெள்ளெலி கிடைத்ததையெல்லாம் உடனே தின்றுவிடாது. அழகேசன் காட்டில் வைத்த சோளத்தை வாயில் அதக்கி, வரப்பைத் தாண்டி, அமிர்தலிங்கம் காட்டு வளையில் சேர்த்து வைத்திருந்தது. கரிசல் மண்ணுக்குள் கிடந்த சோளம் எல்லாமே கறுப்பாகத்தான் இருக்கும். எது மண், எது மருந்து என்று யார் கண்டார்கள்?

மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, குத்திப் புடைத்து, ஆண்டாயி சோறாக்கினாள். கொஞ்சந்தான் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு முதலில் என்று மகளுக்குப் போட்டாள்.

"பூண்டு வாடை அடிக்குதும்மா" என்றாளாம் குஞ்சம்மாள்.

"புள்ளத்தாச்சிக்கு எல்லாந்தான் வாடை அடிக்கும். கண்ண மூடிக்கிட்டுத் தின்னு" என்று ஆண்டாயி ஊட்டியே விட்டிருக்கிறாள்.

பொழுது சாய்வதற்குள் குஞ்சம்மாள் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டாள். வயிறு எரிகிறது, எரிகிறது என்று புரண்டாள். மாட்டு வண்டியில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் சைக்கிளில் எதிரே வந்தேன். வண்டியோடு நானும் போனேன். பெரம்பலூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே, அம்மா மடியில் குஞ்சம்மாள் அடங்கிப்போனாள். வயிற்றில் இருந்ததும் போயிற்று. அந்தத் தாய் அழவில்லை. "மூணு தண்ணி விட்டேனே, மூணு தண்ணி விட்டேனே" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் மேலேயிருந்து அறிக்கை கேட்டார்கள். உட்கார்ந்து எழுதினேன். 'உரிய எச்சரிக்கை செய்தும், அதை மதிக்காமல், மருந்து வைத்த வயலில் வளை தோண்டித் தானியம் எடுத்ததால்' என்று எழுதினேன். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். வேலை நிரந்தரம் ஆகவில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

காகிதத்தையும் மை டப்பாவையும் எடுத்துக்கொண்டு அவள் குடிசைக்குப் போனேன்.

"என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

காகிதத்தைப் பார்த்தபடியே, "உன் மகள் இறந்த விவரந்தான்" என்றேன்.

"நான்தான் கொன்னேன்னு இல்லீங்களே?"

"இல்லை."

பெருவிரலை நீட்டினாள். நானே பிடித்து மையில் ஒற்றி, காகிதத்தில் பதித்தேன். மிச்ச மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் கடப்பாரையைத் தொடவில்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். நான் கேட்டு வாங்கிக்கொண்டு ஜெயங்கொண்டத்துக்கு மாற்றலாகிப் போனேன். வேலை நிரந்தரமாயிற்று.

எண்பத்தாறில் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். மெலிந்திருந்தாள். இமை முடியெல்லாம் கல்தூசியாக இருந்தது. திரும்பிக்கொள்ளலாம் என்று பார்த்தேன்; அதற்குள் பார்த்துவிட்டாள். உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினாள். பக்கத்தில் இருந்தவளிடம் என்னைக் காட்டிச் சொன்னாள்:

"எம் மவ செத்தப்ப கடைசி வரைக்கும் கூடவே நின்னவரு இந்த சார்தான்."